சென்சேஷன் அண்ட் பெர்செப்ஷன் பேப்பருக்கு ஒரே ஒரு செமஸ்டருக்கு ஆள் எடுத்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

சைக்காலஜி டிபார்ட்மெண்ட்ல யாராவது திடீர்னு நீண்ட லீவுல போனா மத்த பேப்பரெல்லாம் எப்படியோ சமாளிச்சிடலாம். சோஷியல், டெவலப்மென்டல், அப்நார்மல்னா உள்ள இருக்கறவங்களே ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சு எடுத்துப்பாங்க. சென்சேஷன் அண்ட் பெர்செப்ஷன், அதாவது புலன்கள் எப்படி உணருது, மூளை அத எப்படிப் புரிஞ்சுக்குதுங்கற பேப்பர்னு வந்தா மட்டும் மீட்டிங்ல எல்லாரும் அமைதி ஆயிடுவாங்க, ஏன்னா அதுல கண்ணோட ஆப்டிக்ஸ் இருக்கு, ரெட்டினா (விழித்திரை) வயரிங் இருக்கு, காக்லியா (உள் காதுல இருக்கற நத்தை மாதிரி உறுப்பு) இருக்கு, லாகரிதம் இருக்கு, நார்மல் கர்வ் இருக்கு, இதுக்கு மேல வாராவாரம் ப்ராக்டிக்கல் வேற. பாதிக்கு மேல கவுன்சலிங்கும் கிளினிக்கலும் படிச்சு வந்தவங்க இருக்கற இடத்துல இத யார் தலையில கட்டறது?

நான் உள்ள இருந்து பார்த்த ஒரு கேஸ இங்க முழுசா எழுதறேன். யார், எந்த யூனிவர்சிட்டின்னு சொல்லப் போறதில்ல, ஆள் அடையாளம் தெரியற விவரத்தையும் எடுத்துட்டேன். ஆள் எடுக்கற பேனல்ல நானும் இருந்தேன்.

நிலைமை இதுதான். அந்தப் பேப்பர வருஷக்கணக்கா எடுத்துட்டு இருந்த பேராசிரியர் உடல்நிலை காரணமா ஒரு செமஸ்டர் முழுக்க வர முடியாதுன்னு தெரிஞ்சப்போ கிளாஸ் ஆரம்பிக்க சில வாரம்தான் பாக்கி. மூணாம் வருஷ ஸ்டூடண்ட்ஸுக்கு அது கட்டாயப் பேப்பர், தள்ளிப் போட்டா அவங்க டிகிரியே தள்ளிப் போகும். 15 வாரம், அதுல சைக்கோபிசிக்ஸ் (தூண்டுதலோட அளவுக்கும் நாம உணர்றதுக்கும் உள்ள தொடர்ப அளக்கறது) 2, பார்வை 6, கேட்டல் 4, தொடுதலும் வலியும் 2, வாசனையும் சுவையும் 1. கடைசிப் பரீட்சை கேள்வித்தாள் டிபார்ட்மெண்ட் பொதுவா செட் பண்றது, அதனால எடுக்கறவங்க இஷ்டத்துக்கு எதையும் வெட்ட முடியாது. இந்த ஒரு விஷயம் பின்னாடி ரொம்ப முக்கியமாச்சு.

உள்ளுக்குள்ளயே மூணு பேரா பிரிச்சு எடுத்துடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. பேப்பர்ல பார்த்தா சுலபமா இருக்கும், செலவும் இல்ல. ஆனா இந்த சப்ஜெக்ட் பிரிச்சா உடைஞ்சிடும். முதல் ரெண்டு வாரத்துல சொல்ற த்ரெஷோல்டும் (உணர முடியற குறைஞ்சபட்ச அளவு) வெபர் விதியும் (வித்தியாசம் தெரிய எவ்வளவு மாத்தணும்ங்கறது ஆரம்ப அளவுக்கு ஏத்த விகிதம்) பார்வையில திரும்ப வரும், காதுல திரும்ப வரும், தோல்ல திரும்ப வரும், ஒரே ஆள் அந்தக் கயிற புடிச்சுக்கிட்டே போனாத்தான் ஸ்டூடண்டுக்கு இது அஞ்சு புலனப் பத்தின தனித்தனித் தகவல் மூட்டை இல்ல, வெளி உலகத்துல இருக்கற எனர்ஜி எப்படி அனுபவமா மாறுதுன்னு ஒரே கேள்வின்னு புரியும். இத துறைத்தலைவர்கிட்ட சொன்னப்போ அவர் உடனே ஒத்துக்கிட்டார், கெஸ்ட் லெக்சரர் ஒருத்தர எடுக்க அனுமதியும் வாங்கிக் கொடுத்தார்.

விளம்பரத்துல ஆரம்பிச்சது முதல் சண்டை

ஆபீஸ்ல இருந்து வந்த டிராஃப்ட், நிரந்தர வேலைக்குப் போடற விளம்பரத்துல "தற்காலிகம்"னு ஒரு வார்த்தைய சொருகினது, அவ்வளவுதான். முடிச்ச பிஎச்டி கட்டாயம், ஆய்வுக் கட்டுரை லிஸ்ட், அஞ்சு வருஷ ஆராய்ச்சித் திட்டம், மூணு சிபாரிசுக் கடிதம். ஒரு செமஸ்டர் கிளாஸ் எடுத்துட்டுப் போற ஆளுகிட்ட அஞ்சு வருஷத் திட்டத்தக் கேட்டு என்ன பண்ணப் போறோம்? அதப் படிச்சு மார்க் போட்டா, நமக்குத் தேவையே இல்லாத ஒரு குணத்துக்கு மார்க் போட்டதாத்தான் ஆகும்.

அதனால உக்கார்ந்து, இந்த ஆள் முதல் மூணு வாரத்துல உண்மையிலேயே என்னென்ன செய்யணும்னு எழுதினோம். த்ரெஷோல்ட அளக்க ஃபெக்னர் சொன்ன மூணு முறையையும் சொல்லித் தரணும், லிமிட்ஸ், கான்ஸ்டன்ட் ஸ்டிமுலை, அட்ஜஸ்ட்மென்ட், 1860ல அவர் புத்தகத்துல வந்தது, இன்னைக்கும் லேப்ல அதத்தான் பண்றோம். சிக்னல் டிடெக்ஷன் தியரி (இரைச்சலுக்கு நடுவுல ஒரு சிக்னல் இருக்கா இல்லயான்னு எப்படி முடிவு பண்றோம்ங்கறது) சொல்லித் தரணும், அங்கதான் ஒவ்வொரு பேட்ச்லயும் பசங்க தடுக்கி விழறாங்க. வேற ஒருத்தர் எழுதி வெச்ச சிலபஸ எடுத்து ஓட்டத் தெரியணும். கம்ப்யூட்டர் லேப்ல ப்ராக்டிக்கல் நின்னு போனா நாப்பது பேர் பார்த்துட்டு இருக்கறப்போ அத சரி பண்ணணும், இல்லன்னா அது இல்லாமலேயே கிளாஸ நகர்த்தத் தெரியணும்.

இத வெச்சு விளம்பரத்த மாத்தினோம். பிஎச்டி "முடிச்சிருக்கணும் அல்லது தீசிஸ் சமர்ப்பிச்சிருக்கணும்"னு போட்டோம். ஆராய்ச்சித் திட்டம் வேண்டாம், அதுக்குப் பதிலா ஒரே ஒரு பக்கம், இந்தப் பேப்பர்ல உங்களுக்குக் கஷ்டமான பகுதி எது, அத எப்படித் தயார் பண்ணுவீங்கன்னு. முழு சிலபஸ் திட்டம் போட்டுக் குடுங்கன்னு கேக்கல, வேலை கிடைக்குமான்னே தெரியாத ஒருத்தர்கிட்ட வாரக்கணக்கா காசில்லாத வேலை வாங்கறது தப்பு. சம்பளத்தையும் தேதியையும் விளம்பரத்துலயே போட்டோம், நீட்டிப்பு கிடையாதுன்னும் தெளிவா எழுதினோம்.

இங்க ஒண்ண அழுத்திச் சொல்லணும். தகுதிய தளர்த்தறதா இருந்தா விளம்பரம் போறதுக்கு முன்னாடி தளர்த்தணும். அப்ளிகேஷனெல்லாம் வந்து, நல்ல ஆள் ஒருத்தர் பிடிச்சுப் போயி, அப்புறம் "சரி இவருக்காக விட்டுக் குடுக்கலாம்"னு மாத்தினா, அந்த ஒரு வரியப் பார்த்துட்டு அப்ளையே பண்ணாம விட்டவங்களுக்கு அநியாயம். நாங்க முன்னாடியே மாத்தினதாலதான் பின்னாடி ஆபீஸ்ல கேள்வி வந்தப்போ தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிஞ்சது.

வந்தவங்க

அப்ளிகேஷன் எதிர்பார்த்தத விட நிறைய வந்துச்சு, ஆனா பாதி பேர் கவர் லெட்டர்ல பேப்பர் பேரக் கூட எழுதல, எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் ஒரே லெட்டர் அனுப்பியிருந்தாங்க. தற்காலிக வேலைக்கு அலையறவங்க நிலைமை அப்படி, அவங்களக் குறை சொல்ல மாட்டேன். நாலு பேர ஷார்ட்லிஸ்ட் பண்ணோம். ஒருத்தர் இன்டர்வியூக்கு முன்னாடியே வேற வேலை கிடைச்சு விலகிட்டார்.

இன்னொருத்தர் அனுபவசாலி, நல்லாப் பேசினார். நாங்க எல்லாருக்கும் ஒரே பழைய ஸ்லைடு ஒண்ணக் காட்டி, "இத உங்க கிளாஸ்ல யூஸ் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டோம். நாக்கு படம், நுனியில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, பின்னாடி கசப்புன்னு ஏரியா பிரிச்சு வரைஞ்சது. அவர் பண்ணுவேன்னு சொல்லி அழகா விளக்கவும் ஆரம்பிச்சுட்டார். அந்த மேப் தப்பு. 1901ல ஹேனிக்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் நாக்கோட வெவ்வேற இடத்துல உணர்திறன் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படுதுன்னு அளந்தார், 1942ல எட்வின் போரிங் தன்னோட புத்தகத்துல அத கிராஃபா போட்ட விதத்துல அந்தச் சின்ன வித்தியாசம் பெருசாத் தெரிய ஆரம்பிச்சு, கடைசியில இந்த இடத்துல இனிப்பு மட்டும்தான்னு ஸ்கூல் புத்தகம் வரைக்கும் போயிடுச்சு. சுவை மொட்டு இருக்கற எல்லா இடத்துலயும் எல்லா சுவையும் தெரியும். இத நம்பினதுக்காக யாரையும் மட்டமா நினைக்கக் கூடாது, ஆனா இந்தப் பேப்பர எடுக்க வர்றவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

மிச்சம் ரெண்டு பேர். இவங்க ரெண்டு பேரப் பத்தித்தான் இந்த கேஸே.

முதல் ஆள் பார்வை ஆராய்ச்சியாளர். பிஎச்டி முடிச்சு, நல்ல ஜர்னல்ல பேப்பர் போட்டு, கான்ட்ராஸ்ட் சென்சிடிவிட்டியிலயும் மோஷன் பெர்செப்ஷன்லயும் ஆழமா வேலை பார்த்தவர். ரெண்டாவது ஆள் ஆடியாலஜிஸ்டா (காது கேக்கறத பரிசோதிக்கறவங்க) கிளினிக்ல சில வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் சைக்காலஜி பக்கம் வந்தவங்க, தீசிஸ் சமர்ப்பிச்சாச்சு, வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் நடக்கல, வேற ரெண்டு இடத்துல பார்ட் டைமா கிளாஸ் எடுத்திருக்காங்க. அந்த ஒரு பக்கக் கேள்விக்கு முதல் ஆள் "கஷ்டமான பகுதின்னு எதுவும் இல்ல"ன்னு எழுதியிருந்தார். ரெண்டாவது ஆள், "கலர் விஷன்ல ஆப்போனன்ட் ப்ராசஸும் (சிவப்பு-பச்சை, நீலம்-மஞ்சள்னு எதிரெதிர் ஜோடியா கலர் பிரியறது) விஷுவல் கார்டெக்ஸும் (மூளையில பார்வைக்கான பகுதி) எனக்கு பலவீனம், கோன் (கலர் பாக்கற கண் செல்) மூணும் எந்த வேவ்லென்த்ல உச்சம்னு தெரியும், அதுக்கு அடுத்து சிக்னல் எப்படி மாறுதுங்கறத ஸ்டூடண்ட் கேள்விக்கு பதில் சொல்ற அளவுக்கு இன்னொரு தடவ படிக்கணும்"னு எழுதியிருந்தாங்க. எனக்கு அந்த வரியிலயே நம்பிக்கை வந்துச்சு, ஏன்னா தனக்கு எங்க ஓட்டைன்னு அவ்வளவு துல்லியமா சொல்ல அந்தப் பாடம் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்.

டெமோ கிளாஸ்

ரெண்டு பேருக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம், 20 நிமிஷம்: சிக்னல் டிடெக்ஷன். பேனலோட சேர்த்து, போன வருஷம் இந்தப் பேப்பர முடிச்ச ஸ்டூடண்ட்ஸ் சில பேரையும் உக்கார வெச்சோம்.

முதல் ஆள் கிளாஸ் நிஜமாவே அருமை. 1954ல டேனரும் ஸ்வெட்ஸும் ராடார் ஆராய்ச்சியில இருந்து இந்த யோசனைய சைக்காலஜிக்குக் கொண்டு வந்ததுல ஆரம்பிச்சு, நாய்ஸ் கர்வ், சிக்னல் பிளஸ் நாய்ஸ் கர்வ், நடுவுல கிரைட்டீரியன் கோடு (எதுக்கு மேல "இருக்கு"ன்னு சொல்றதுங்கற எல்லை), அது நகர்ந்தா என்ன ஆகும்னு அனிமேஷன், அங்க இருந்து ஆர்ஓசி கர்வ் (சரியாச் சொன்னதையும் தப்பா "இருக்கு"ன்னு சொன்னதையும் சேர்த்துக் காட்டற படம்). நான் ரசிச்சுக் கேட்டேன். ஸ்டூடண்ட்ஸும் பாதி வரைக்கும் வந்தாங்க, அதுக்கப்புறம் பேனா நின்னு போச்சு.

ரெண்டாவது ஆள் ஸ்லைடே போடல. லேப்டாப்ல இரைச்சல் ஒண்ண ஓட விட்டு, அதுக்குள்ள சில சமயம் மெல்லிசா ஒரு டோன் வரும், சில சமயம் வராது, கேட்டா கைய தூக்குங்கன்னு சொன்னாங்க. முதல் சுத்துக்கு முன்னாடி, "நீங்க ஒரு டாக்டர், தவற விட்டா பேஷண்டுக்கு ஆபத்து"ன்னாங்க. ரெண்டாவது சுத்துக்கு முன்னாடி, "இப்ப நீங்க தப்பா சொன்னா ஒருத்தருக்கு தேவையில்லாத ஆபரேஷன்"ன்னாங்க. ஓடினது அதே சவுண்ட் ஃபைல். முதல் சுத்துல எக்கச்சக்கமா தூக்கின கை ரெண்டாவதுல பாதிக்கும் கீழ போச்சு. "உங்க காது மாறிடுச்சா?"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல, ஆனா எல்லார் முகத்துலயும் தெரிஞ்சது.

அப்புறம் போர்டுல ரெண்டு வரி எழுதினாங்க. ஒரு ஆள், டோன் இருக்கறப்போ 90 சதவீதம் "இருக்கு"ன்னார், இல்லாதப்போவும் 60 சதவீதம் "இருக்கு"ன்னார். இன்னொரு ஆள், இருக்கறப்போ 70, இல்லாதப்போ 20. யாருக்கு நல்லா கேக்குது? ஸ்டூடண்ட்ஸ்ல ஒரு பையன் உடனே, "மேடம், முதல் ஆளுக்குத்தான், 90 வாங்கியிருக்காரே"ன்னான். இசட் டேபிள (சதவீதத்த நார்மல் கர்வ் அளவா மாத்தற பட்டியல்) அவன்கிட்டயே குடுத்து கணக்குப் போட வெச்சாங்க. போர்டுல இருக்கற முதல் ஆள் 1.28ல இருந்து 0.25 கழிச்சா டி-பிரைம் (எவ்வளவு நல்லா பிரிச்சு அறியறாங்கங்கற அளவு) 1.03. ரெண்டாவது ஆள் 0.52ல இருந்து மைனஸ் 0.84 கழிச்சா 1.36. மார்க் கம்மியா வாங்கினவருக்குத்தான் உண்மையில நல்லா கேக்குது, முதல் ஆள் எதுக்கெடுத்தாலும் "இருக்கு"ன்னு சொல்ற டைப். அந்தப் பையன் அந்த நம்பர ரெண்டு தடவ சரி பார்த்தான். போன வருஷம் இதே பாடத்துல பாஸ் பண்ணவன் அவன்.

டெமோவுக்கு அப்புறம் இன்டர்வியூ. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒவ்வொரு கேள்விக்கும் எது நல்ல பதில், எது சுமாரான பதில்னு முன்னாடியே எழுதி வெச்ச ஷீட், பேசிக்கறதுக்கு முன்னாடி தனித்தனியா மார்க். சைக்காலஜி டிபார்ட்மெண்ட்டே இத செய்யலன்னா வேற யார் செய்வாங்க? 1998ல ஷ்மிட்டும் ஹண்டரும் தொகுத்த ஆய்வுல இருந்தே கட்டமைச்ச இன்டர்வியூ, சும்மா பேசிப் பாக்கற இன்டர்வியூவ விட மேலன்னு தெரியும், 2022ல சாக்கெட்டும் கூட இருந்தவங்களும் பழைய கணக்கெல்லாம் திருத்திப் போட்டப்போ பல முறைகளோட எண் கீழ இறங்கினாலும் கட்டமைச்ச இன்டர்வியூ 0.42ன்னு (வேலையில எப்படி செய்வாங்கன்னு கணிக்கற தொடர்பு எண், 1ன்னா முழுசா சரி) பட்டியல்ல முதல் இடத்துல நின்னுச்சு. வேலை மாதிரி, அதாவது டெமோ கிளாஸ் போல செஞ்சு காட்டச் சொல்றது, 0.33. ரெண்டும் சேர்ந்து இருந்தா நல்லதுன்னுதான் ரெண்டையும் வெச்சோம்.

ஒரு கேள்வி எல்லாத்தையும் தீர்மானிச்சது. "தொடுதல், வலி, வாசனை, சுவை, இந்த மூணு வாரத்த எப்படி எடுப்பீங்க?" முதல் ஆள் நேர்மையா, "சார், நான் பார்வை ஆளு, அத ரெண்டு லெக்சர்ல சுருக்கிட்டு விஷனுக்கு அந்த நேரத்தக் குடுத்துடுவேன்"னார். பொதுக் கேள்வித்தாள்னு சொன்னதுக்கு அப்புறமும், நோட்ஸ் குடுத்துப் படிச்சுக்கச் சொல்லலாம்னார். ரெண்டாவது ஆள், முதுகுலயும் விரல் நுனியிலயும் டூ-பாயிண்ட் த்ரெஷோல்ட் (ரெண்டு முனையும் தனித்தனியாத் தெரியற குறைஞ்ச தூரம்) அளக்க வெச்சு ஆரம்பிப்பேன், விரல்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர்லயே ரெண்டுன்னு தெரியும், முதுகுல நாப்பது மில்லிமீட்டர் தள்ளி வெச்சாக் கூட ஒண்ணுன்னு சொல்வாங்க, அங்க இருந்து கார்டெக்ஸ்ல விரலுக்கு ஏன் அவ்வளவு இடம்னு போவேன், வலிக்கும் சூட்டுக்கும் ஒரே கதவு எப்படின்னு டிஆர்பிவி1 ரிசெப்டரச் சொல்லி, 2021 நோபல் பரிசு டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் எதுக்குன்னு முடிப்பேன்னாங்க. சூடான பொருளும் காரமும் ஏன் ரெண்டுமே "எரியுது"ன்னு தோணுதுங்கறதுக்கு ஒரு ரிசெப்டர் லெவல்ல பதில் இருக்குங்கறது மூணாம் வருஷப் பசங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

முடிவும் அதுக்கு வந்த எதிர்ப்பும்

பேனல்ல ஒருத்தர் முதல் ஆளுக்காக உறுதியா நின்னார். அவர் வாதம் தப்பில்ல: இந்தத் துறையில ஆழம்னா இதுதான், பசங்க ஒரு உண்மையான ஆராய்ச்சியாளர்கிட்ட படிக்கட்டும், டிபார்ட்மெண்ட்டுக்கும் பேர். நிரந்தரப் பதவிக்கா இருந்தா நானும் அவருக்குத்தான் ஓட்டு போட்டிருப்பேன். ஆனா தற்காலிகமா ஒருத்தர எடுக்கறது ஓடற பஸ்ல டிரைவர மாத்தற வேலை, ரூட்ட மாத்தறதுக்கு நேரமில்ல, எல்லா ஸ்டாப்புலயும் நிக்கணும். கூடவே, முதல் ஆள் வேற இடத்துல நிரந்தர வேலைக்கு இன்டர்வியூவுல இருக்கறதா அவரே சொன்னார், நடுவுல கிடைச்சா போயிடுவேன்னும் சொன்னார். அந்த நேர்மைக்காக அவர் மேல மரியாதை கூடுச்சே தவிர குறையல, ஆனா பாதி செமஸ்டர்ல மறுபடியும் ஆள் தேடற நிலைமை ஸ்டூடண்ட்ஸுக்கு வரக் கூடாது.

மார்க் ஷீட்ட கூட்டினப்போ ரெண்டாவது ஆள்தான் மேல. ஆபீஸ்ல இருந்து "பிஎச்டி பட்டம் இன்னும் கையில இல்லயே"ன்னு ஃபைல் திரும்பி வந்துச்சு. விளம்பர காப்பிய இணைச்சு அனுப்பினோம், போயிடுச்சு.

அடுத்தது ஒப்பந்தம். நான் ரொம்ப நேரம் செலவழிச்சது இங்கதான், யாரும் பெருசாப் பேசாத இடமும் இதுதான். முதல் டிராஃப்ட்ல வேலை ஆரம்பிக்கற தேதி முதல் கிளாஸ் அன்னைக்கு, முடியற தேதி கடைசி கிளாஸ் அன்னைக்கு. அப்போ தயாரிப்பு யார் நேரம்? பரீட்சை கடைசி கிளாஸுக்கு அப்புறம்தான் நடக்கும், 90 பேரோட விடைத்தாள யார் திருத்துவாங்க? அவங்கதான், ஆனா அதுக்குள்ள ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும், இமெயில் கட் ஆகியிருக்கும், லைப்ரரி கார்டு செல்லாது. நிரந்தரமா இருக்கறவங்களுக்கு இது கண்ணுல படாது, ஏன்னா அவங்க சம்பளம் எப்பவும் ஓடிட்டே இருக்கும். தற்காலிகமா வர்றவங்க வாழ்க்கை முழுக்க இந்த இடைவெளியிலதான் காசில்லாம கரையுது. எழுதி எழுதிப் போராடி, கிளாஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடியும் மார்க் போட்டு முடியற வரைக்கும் பின்னாடியும் தேதிய நீட்ட வெச்சோம்.

அந்த ரெண்டு வாரம் இல்லன்னா லேப் ஓடியிருக்காது. பழைய ப்ராக்டிக்கல் எல்லாம் மேட்லாப்ல எழுதினது, லைசன்ஸ் லீவுல இருக்கற பேராசிரியரோட அக்கவுண்ட்ல இருந்துச்சு, உடம்பு முடியாம இருக்கறவர தொந்தரவு பண்ண முடியாது. இவங்க சைக்கோபைல, அது சோதனை செய்ய உதவற இலவச சாஃப்ட்வேர், ஸ்டேர்கேஸ் த்ரெஷோல்டையும் (பதிலப் பொறுத்து அளவ ஏத்தி இறக்கி அளக்கறது) மேக்னிட்யூட் எஸ்டிமேஷனையும் (உணர்ந்தத எண்ணா சொல்றது) திரும்ப எழுதினாங்க. அது சம்பளம் குடுத்து செய்ய வெச்ச வேலைங்கறதுல எனக்கு நிம்மதி.

செமஸ்டர் எப்படிப் போச்சு

காது வந்த நாலு வாரமும் பிரமாதம். பெக்கேஷிங்கற ஆய்வாளர் சடலத்துல இருந்து எடுத்த காக்லியாவுல டிராவலிங் வேவ (ஒலிக்கு ஏத்த மாதிரி உள்ள ஓடற அலை) பார்த்தது, 1961ல நோபல் வாங்கினது எல்லாரும் சொல்றதுதான். அதுக்கு மேல, உயிரோட இருக்கற காது ஏன் அத விட கூர்மையா கேக்குதுன்னு அவுட்டர் ஹேர் செல் (ஒலிய பெருக்கற காது செல்) பக்கம் போயி, காது தானே சத்தம் போடும்னு 1978ல டேவிட் கெம்ப் காட்டினத சொல்லி, பிறந்த குழந்தைக்குப் பண்ற காது டெஸ்ட்ல ஒண்ணு அதத்தான் அளக்குதுன்னு கிளினிக் அனுபவத்தோட முடிச்சப்போ பசங்க பெல் அடிச்சும் எழுந்திருக்கல.

லேப்ல ஒரு சம்பவம். ஹெட்ஃபோன்ல த்ரெஷோல்ட் அளக்கற ப்ராக்டிக்கலுக்கு முன்னாடி, "இது காது டெஸ்ட் இல்ல, இந்த ஹெட்ஃபோன் காலிபரேட் பண்ணதில்ல, உங்க நம்பர பக்கத்துல இருக்கறவங்களோட ஒப்பிட்டு பயப்படாதீங்க"ன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. ஒருத்தரோட கர்வ்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட மட்டும் ஒரு பள்ளம், சத்தத்துல காது கெட்டா வர்ற வழக்கமான இடம் அது. கிளாஸ்ல ஒரு வார்த்தை சொல்லல, எல்லாரும் போனதுக்கு அப்புறம் தனியா கூப்பிட்டு முறையா ஒரு இடத்துல பரிசோதிச்சுக்கச் சொன்னாங்க. ஃப்ளிக்கர் ப்ராக்டிக்கலுக்கும் இதே கவனம். லைட் மினுக்கற வேகத்த ஏத்திக்கிட்டே போறப்போ நொடிக்கு 15ல இருந்து 25 தடவங்கற எல்லையக் கடந்துதான் போகணும், ஃபோட்டோசென்சிடிவ் வலிப்பு இருக்கறவங்களுக்கு ஆபத்தான வேகம் அது. ஒரு வாரம் முன்னாடியே எழுத்துல அறிவிச்சு, காரணம் கேக்காம, வேணாம்னு சொல்றவங்களுக்கு ரெடி டேட்டா குடுத்து ரிப்போர்ட் எழுத வெச்சாங்க. நிரந்தரமா இருக்கற நாங்களே எழுதி வைக்காத நடைமுறை இது.

பார்வை வாரங்கள் ஏறி இறங்கிப் போச்சு, அதையும் சொல்லணும். ரெட்டினா நல்லாப் போச்சு: 12 கோடி ராடும் (மங்கலான வெளிச்சத்துல பாக்கற செல்) 60 லட்சம் கோனும் இருந்தும் ஆப்டிக் நெர்வ்ல (கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு) சுமார் 10 லட்சம் இழைதான், அப்போ கண்ணே தகவல சுருக்கித்தான் அனுப்புதுன்னு அழகா கட்டினாங்க. டார்க் அடாப்டேஷன் (கண் இருட்டுக்குப் பழகறது) ப்ராக்டிக்கல் பழைய அட்டவணைப்படி நேரத்துக்குள்ள முடியாதுன்னு கண்டுபிடிச்சு, கோன் பழகறது 10 நிமிஷத்துல நின்னுடும், ராட் வேலையக் காட்ட கிட்டத்தட்ட அரை மணி நேரம் இருட்டு வேணும்னு கணக்குப் போட்டு டபுள் பீரியடா மாத்தினாங்க. கார்டெக்ஸ் வந்ததும் தடுமாற்றம். ஹ்யூபெல், வீசல் கண்டுபிடிப்ப (கார்டெக்ஸ் செல்கள் குறிப்பிட்ட சாய்வுல இருக்கற கோட்டுக்கு பதில் தருதுங்கறது) சொன்னாங்க, ஆனா சிம்பிள் செல்லுக்கும் காம்ப்ளெக்ஸ் செல்லுக்கும் நடுவுல ஸ்டூடண்ட்ஸ் கேட்ட கேள்விக்கு அடுத்த கிளாஸ்லதான் பதில் வந்துச்சு. வேகமாப் போறாங்கன்னு புகாரும் வந்துச்சு. அந்த ஒரு பக்கத்துல எழுதியிருந்த பலவீனம் அச்சு அசலா அங்கதான் வெளிப்பட்டுச்சு. முன்னாடியே தெரிஞ்சதால, அந்த வாரத்துக்கு டிபார்ட்மெண்ட்ல ஒரு காக்னிட்டிவ் ஆளு டுடோரியல் எடுக்கறதா ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தோம், அது தாங்கிக்கிச்சு.

கடைசியில ஸ்டூடண்ட் ஃபீட்பேக் ஸ்கோர் வந்துச்சு, சராசரிக்குக் கொஞ்சம் மேல. அத வெச்சு இது நல்ல தேர்வுன்னு நான் சொல்ல மாட்டேன். 2017ல உட்டலும் கூட இருந்தவங்களும் பண்ண மெட்டா அனாலிசிஸ்ல (பல ஆய்வ ஒண்ணா சேர்த்துப் பாக்கறது), ஸ்டூடண்ட் ரேட்டிங்குக்கும் அவங்க கத்துக்கிட்டதுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லன்னுதான் வந்துச்சு. நான் பார்த்தது விடைத்தாள். சிக்னல் டிடெக்ஷன் கேள்விய வழக்கமா பாதி பேர் சாய்ஸ்ல விட்டுடுவாங்க, இந்த பேட்ச்ல பெரும்பாலானவங்க எடுத்திருந்தாங்க, கிரைட்டீரியனையும் சென்சிடிவிட்டியையும் போட்டுக் குழப்பாம எழுதியிருந்தாங்க. தொடுதல், வலி கேள்வியும் அப்படியே. கார்டெக்ஸ் கேள்வியில போன வருஷத்த விட சுமாரான பதில்தான்.

பேராசிரியர் அடுத்த செமஸ்டர் திரும்பி வந்துட்டார். இவங்க போறப்போ சைக்கோபை ஃபைல்கள், ஃப்ளிக்கர் அறிவிப்பு, எந்த வாரம் எங்க இடிச்சதுன்னு ஒரு குறிப்பு எல்லாம் போட்டு ஒரு ஃபோல்டர் வெச்சுட்டுப் போனாங்க, பேராசிரியர் அந்த டூ-பாயிண்ட் ப்ராக்டிக்கல அப்படியே எடுத்துக்கிட்டார். சிபாரிசுக் கடிதம் நான் எழுதினேன். "நன்றாகப் பணிபுரிந்தார்"னு பொதுவா எழுதாம, என்ன பாடம், எத்தன பேர், எந்த ப்ராக்டிக்கல எதுல இருந்து எதுக்கு மாத்தினாங்க, யாரும் கேக்காமலே என்ன பாதுகாப்பு நடைமுறை கொண்டு வந்தாங்கன்னு விவரமா எழுதினேன், அடுத்த இன்டர்வியூவுல அவங்களுக்கு உதவப் போறது அதுதான். டிபார்ட்மெண்ட்ல தற்காலிக ஒப்பந்தத்துக்கான ஃபார்ம்ல இப்போ தேதி கட்டம் ரெண்டு இல்ல, நாலு: தயாரிப்பு ஆரம்பம், முதல் கிளாஸ், கடைசி கிளாஸ், மார்க் சமர்ப்பிக்கற நாள். சம்பளம் முதல் கட்டத்துல இருந்து நாலாவது கட்டம் வரைக்கும்.